கோடியக்கரை: ஏப்ரலில் போனால் என்ன இருக்கும்?

கேள்வி (ஏப்ரல் 3): மார்ச்சோடு கோடியக்கரையில் பறவை சீசன் முடிந்தது, பூநாரை எல்லாம் கிளம்பியிருக்கும், ஏப்ரலில் போனால் வெயிலில் கருவாடாகத்தான் திரும்புவாய் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். எனக்குப் பள்ளி லீவு விட்ட பிறகுதான் நேரம் கிடைக்கும். கிளம்பலாமா, டிசம்பருக்குத் தள்ளிப்போடலாமா?

ஏப்ரல் 3, இரவு

பூநாரைதான் வேண்டும் என்றால் டிசம்பருக்கே வாருங்கள், அதில் பேச்சே இல்லை. வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் சதுப்பில் நிற்கும்போதுதான் அவை ஆயிரக்கணக்கில் இறங்கும். ஏப்ரலில் சில கூட்டங்கள் மிச்சம் இருக்கும். எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, தெரிந்தாலும் கானலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெளுத்த கோடாகத்தான் தெரியும்.

ஆனால் ‘சீசன் முடிந்தது’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிசம்பரில் இங்கே சேற்றில் இரை தேடி நிற்கிற உள்ளான், உப்புக்கொத்தி மாதிரிச் சின்னக் கரைப்பறவைக் கூட்டத்தைப் பாருங்கள், எல்லாம் ஒரே சாம்பல். வளைமூக்கு உள்ளான், கொசு உள்ளான், மங்கோலிய உப்புக்கொத்தி எல்லாமே மேலே மண் நிறம், கீழே வெள்ளை. புதிதாக வருகிறவர்கள் கையேட்டைப் புரட்டிப் புரட்டி அலுத்துப்போய் கடைசியில் பூநாரையைப் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அதே பறவைகள் ஏப்ரலில் வடக்கே போவதற்கு முன்னால் வேறு உடை போட்டுக்கொள்கின்றன. வளைமூக்கு உள்ளானுக்கு முகத்திலிருந்து வயிறு வரை செங்கல் சிவப்பு. மங்கோலிய உப்புக்கொத்திக்கு நெஞ்சில் ஆரஞ்சுப் பட்டை. பொன்னிற உப்புக்கொத்திக்கு முகம் தொடங்கி அடிவயிறு வரை கறுப்பு, முதுகில் பொன் பொடி. இங்கேயே இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் விடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

எண்ணிக்கைக்கு டிசம்பர், பறவையை ஒவ்வொன்றாகப் பார்க்க ஏப்ரல். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

ஏப்ரல் 4

‘செங்கல் சிவப்பா, நான் பார்த்தது ஒட்டுப்போட்ட மாதிரி இருந்ததே’ என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். சரிதான், அதுவும் வளைமூக்கு உள்ளான்தான். இறகு ஒரே நாளில் மாறாது. பழைய சாம்பல் இறகு ஒவ்வொன்றாக உதிர, சிவப்பு இறகு நடுநடுவே முளைக்கும். மார்ச் கடைசியில் கழுத்தில் நாலு சிவப்புப் புள்ளி, ஏப்ரல் நடுவில் பாதி நெஞ்சு, மாதக் கடைசியில் முழுச் சிவப்பு. புதுச் சிவப்பு இறகுகளின் நுனியில் மெல்லிய வெள்ளை விளிம்பு இருக்கும், அதனால் முதலில் மங்கலாகத் தெரியும். அந்த விளிம்பு தேயத் தேயத்தான் நிறம் வெளியே வரும். நல்ல பைனாகுலரும் காலை வெளிச்சமும் இருந்தால் அந்த விளிம்பு கண்ணுக்கே தெரியும்.

போன வாரம் வேதாரண்யம்–கோடியக்கரை ரோட்டில் அகஸ்தியம்பள்ளிக்குத் தெற்கே ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தே பார்த்தேன், இறங்கவில்லை. ஒரே உப்பளப் பாத்தியில் மூன்று விதமும் இருந்தன: முழுச் சிவப்பு ஒன்று, ஒட்டுப்போட்டவை பல, ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லாத சாம்பல் சில. முழுச் சிவப்புக்காரர் சேற்றில் அலகை வேர் வரைக்கும் இறக்கி, தையல் மிஷின் வேகத்தில் குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொன்று வந்தால் தலையைத் தாழ்த்தி விரட்டல் வேறு. ஐம்பது அறுபது கிராம் உடம்பு. இங்கே தின்று கொழுப்பு ஏற்றிக்கொண்டு, சைபீரியாவின் வடகோடியில் தைமிர் தீபகற்பப் பக்கம் போய் முட்டையிட வேண்டும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

ஏப்ரல் 6

தனிச்செய்தியில் நிறையப் பேர் ‘உப்பளத்தில் எங்கே நிற்பது’ என்று கேட்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், ஏனென்றால் ஏப்ரலில் வெற்றி தோல்வி இதில்தான் இருக்கிறது.

ஏப்ரலில் பெரிய சதுப்பு பெரும்பாலும் காய்ந்துவிடும். முனியப்பன் ஏரியும் வற்றிக்கொண்டிருக்கும். தண்ணீர் நிச்சயமாக இருக்கிற இடம் உப்பளம்தான், ஏனென்றால் அங்கே மனிதர்கள் இறைத்து நிறுத்துகிறார்கள். ஆனால் எல்லாப் பாத்தியும் ஒன்றல்ல. கடல்நீரை முதலில் விடுகிற பெரிய தேக்கத்தில் உப்பு குறைவு. அங்கே சின்ன மீன் இருக்கும், ஆகவே கொக்கு, ஆலா, நீர்க்காகம் நிற்கும். அங்கிருந்து நீரை அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றிச் சுண்ட விடுவார்கள். உப்பு ஏற ஏற மீன் செத்துப்போய் உப்புநீர் இறால் மட்டும் மிஞ்சும், நகக்கண் அளவுதான் இருக்கும், ஆனால் கோடிக்கணக்கில். நம் உள்ளான்களுக்கும் மிச்சமிருக்கிற பூநாரைக்கும் சாப்பாடு அந்த நடுப்பாத்திகளில்தான். கடைசியில் உப்பு விளைகிற பாத்தி, தண்ணீர் இளஞ்சிவப்பாகக்கூடத் தெரியும், படத்துக்கு அழகு, பறவைக்கு ஒன்றும் இல்லை. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அந்த அழகான பாத்தி முன்னால் நின்றுகொண்டு ‘ஒன்றுமே இல்லையே’ என்பார்கள்.

இன்னொன்று, திசை. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு ரோடு தெற்கே போகிறது. கடல் கிழக்கே, சதுப்பு மேற்கே. காலையில் ரோட்டில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறம் அப்படியே விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்புதான், அப்புறம் ‘இது என்ன இனம்’ என்று நிழல் படத்தைப் போட்டு எங்களைக் கேட்காதீர்கள்.

ஒன்பது மணிக்கு மேல் கானல் கிளம்பிவிடும். ஐந்தாயிரம் ரூபாய் பைனாகுலராக இருந்தாலும் லட்ச ரூபாய் டெலிஸ்கோப்பாக இருந்தாலும் கானலுக்கு ஒன்றுதான்.

ஏப்ரல் 7

‘ஓதம் பார்த்துப் போக வேண்டாமா?’ என்று ஒரு சென்னை நண்பர். பாக் நீரிணையில் ஏற்ற இறக்கம் ரொம்பக் குறைவு, சுமாராக அரை மீட்டர். இங்கே தண்ணீரைத் தள்ளுவது காற்றுதான். கோடை தொடங்கினால் தென்காற்றான சோழகம் வீசும், சதுப்பில் மிச்சமிருக்கிற தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கும், நேற்றுச் சேறாக இருந்த இடம் இன்று குளமாக இருக்கும். பறவைகளும் அதோடு இடம் மாறும். ஓத அட்டவணையை வீட்டிலேயே வைத்துவிட்டு டீக்கடையில் காற்றைப் பற்றிக் கேளுங்கள்.

ஏப்ரல் 11

மூன்றாம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். ‘வாருங்கள், வாருங்கள்’ என்று கூவிவிட்டேன், ஆனால் ஏப்ரலுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. வருகிற பறவைகள் கிளம்புகிற இதே நேரத்தில்தான் இங்கேயே இருக்கிற பறவைகள் முட்டையிடுகின்றன. ஆள்காட்டி, நெடுங்கால் உள்ளான், சிற்றாலா, சின்ன உப்புக்கொத்தி எல்லாம் தரையில், திறந்த வெளியில், சிலது சரியாக நாம் நடக்க ஆசைப்படுகிற வரப்பு மேலேயே.

நேற்று ஒரு உப்பள வரப்பில் காலெடுத்து வைக்கப் போனேன். உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் பலகையை நிறுத்திவிட்டு, “தம்பி, அந்தப் பக்கம் மிதிக்காத, முட்ட விட்டுருக்கு” என்றார். நான் குனிந்து பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. அவர் காட்டிய பிறகுதான் தெரிந்தது. உடைந்த சிப்பியும் காய்ந்த உப்புச் சில்லும் கிடக்கிற இடத்தில் சின்ன உப்புக்கொத்தியின் மூன்று முட்டை, மணல் நிறம், கரிக்கோடு கிறுக்கினது போல. பக்கத்தில் அவர் ஒரு சுள்ளி நட்டு வைத்திருக்கிறார், உடன் வேலை செய்கிறவர்களுக்கு அடையாளமாம். அந்த ஒரு முழத்துக்கு வரப்பில் மண் அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். நான் அங்கே நின்றிருந்தவரை தாய்ப்பறவை முன்னால் ஓடி, இறக்கை ஒடிந்தது போலத் தரையில் புரண்டு நாடகம் ஆடியது. உடனே தள்ளிப் போய்விட்டேன்.

தள்ளிப் போனபின் பார்த்ததுதான் இன்னும் மனதில் நிற்கிறது. பறவை ஓடிப்போய் பாத்தித் தண்ணீரில் வயிற்றை அழுத்தி நனைத்துக்கொண்டு, அந்த ஈரத்தோடு திரும்பி வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதானே நினைப்போம். இந்த வெயிலில் முட்டை வெந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையே. யோசித்துப் பாருங்கள், நாம் பக்கத்தில் நின்று படம் எடுக்கிற ஐந்து நிமிடம் அந்தப் பறவை எழுந்து நிற்கிற ஐந்து நிமிடம். டிசம்பரில் நாம் தொந்தரவு செய்தால் பூநாரை பறந்து வேறு இடத்தில் இறங்கும். ஏப்ரலில் அப்படி இல்லை.

அதனால் என் சிபாரிசில் ஒரு திருத்தம்: வாருங்கள், ஆனால் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். வண்டிக்குள் இருந்தே பாருங்கள். பறவை வண்டிக்குப் பயப்படாது, இறங்கி நடக்கிற ஆளுக்குத்தான் பயப்படும்.

ஏப்ரல் 12

வரப்பில் முட்டையிட்ட அந்தச் சின்ன உப்புக்கொத்தி, கெண்டிஷ் உப்புக்கொத்தி (Kentish Plover) என்கிற இனம்தானே என்று கேட்டவருக்கு: நேற்று வரை அப்படித்தான் எழுதிவந்தோம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இனப்பெருக்கம் செய்கிற கூட்டம் தனி இனம் என்று 2023இல் மரபணு ஆய்வோடு பிரித்துவிட்டார்கள், இப்போது அது அனுமன் உப்புக்கொத்தி. இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த வேலை. ராமர் பாலத்தின் இரண்டு பக்கமும் வாழ்கிறது என்பதால் இந்தப் பெயர், இரண்டு பக்கத்துக்கும் போய்வந்தவர் அவர்தானே. கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கறுப்புக் கோடு இல்லாமல் வெள்ளையாக இருப்பதைப் பாருங்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருகிற கெண்டிஷ் கூட்டமும் கலந்து நிற்பதால் தலைவலி. கோடையில் குஞ்சோடு ஓடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், நம்ம ஊர்க்காரர்.

இதையும் ஏப்ரல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 13

குஞ்சு எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்கள். இரண்டு குச்சிமேல் நிற்கிற பஞ்சு. போதுமா.

ஏப்ரல் 16

நேற்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு போகாது, ஃபைபர் படகு போகும். கோடியக்கரையில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் வந்து தங்கித் தொழில் செய்வார்கள். அவர்களும் குடிசையைப் பிரித்துக்கொண்டு ஊருக்குப் போயாகிவிட்டது. இதைப் பறவைக்காரர்கள் கவனிக்க வேண்டும். மீன் இறங்கும்போது கரையில் பழுப்புத்தலைக் கடற்காகமும் செம்பருந்தும் காக்கையும் சண்டை போடும். இப்போது கரை வெறிச்சென்று கிடக்கிறது, கடற்காகம் பெரும்பாலும் வடக்கே கிளம்பிவிட்டது. ஆள் இல்லாத மணலில் சிற்றாலா இறங்கியிருக்கிறது. மஞ்சள் அலகு, நுனியில் கறுப்பு, நெற்றியில் வெள்ளை. ஆண் ஒரு பொடி மீனைக் கவ்விக்கொண்டு வந்து பெண் முன்னால் நிற்கும். அது உடனே வாங்காது, திரும்பிக்கொள்ளும். இது இன்னொரு பக்கம் சுற்றி வரும். கடைசியில் மீன் கைமாறும், அல்லது அலகுமாறும் என்று சொல்ல வேண்டுமா?

என் மச்சான் இதைப் பார்த்துவிட்டு “கல்யாணப் பேச்சு எங்கே போனாலும் இப்படித்தான்” என்றான். அவனைப் பற்றி இன்னொன்று. காய்ந்த சதுப்பில் மேலே வெள்ளைப் பொருக்கைப் பார்த்துக் கெட்டித் தரை என்று நினைத்து பைக்கை இறக்கிவிட்டான். பொருக்குக்குக் கீழே களி. சக்கரம் பாதி வரை இறங்கியது. இழுத்து எடுக்க வந்தவர்கள் சிரித்த சிரிப்புக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பறவை எல்லாம் பறந்துவிட்டது. காரில் வருகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.

ஏப்ரல் 19

எல்லாரும் உள்ளானையே பேசுகிறோம். காட்டுக்குள்ளும் போங்கள், சரணாலயச் சோதனைச் சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு. 1967இல் அறிவித்த சரணாலயம், சதுப்போடு சேர்த்து 2002இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. அதற்கப்புறம் இருபது வருடம் தமிழ்நாட்டுக்கு அது ஒன்றுதான் ராம்சர் இடம்.

ஏப்ரலில் காட்டில் எனக்குப் பிடித்தது ஆறுமணிக் குருவி. குளிர்காலம் தெற்கே கழித்துவிட்டு இமயமலை அடிவாரப் பக்கம் திரும்புகிற வழியில் இங்கே இறங்கி ஓய்வெடுக்கும். சருகைக் கிளறிக்கொண்டு தரையில் நிற்கும், நீங்கள் கேட்பது கூப்பிடும் இரட்டை விசில் மட்டும்தான். பச்சை முதுகு, வால் அடியில் சிவப்பு, இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு எப்படி மறைகிறது என்று புரியவே இல்லை.

காடு முன்பு போல இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியதில் பெரிய பாலை மரங்கள் வேரோடு சாய்ந்தன. திறந்த இடங்களில் இன்றும் சீமைக்கருவேலம் முந்திக்கொள்ளப் பார்க்கிறது. வெளிமான்களுக்குப் புல்வெளி வேண்டும், அவற்றுக்குப் போட்டியாக மட்டக்குதிரைக் கூட்டம் வேறு. குதிரை அழகு என்று படம் போடுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் சண்டை, இன்று போடவில்லை, சோர்வாக இருக்கிறது.

ஏப்ரல் 23

‘மே மாதத்திலும் சிவப்பே ஏறாமல் ஒரு உள்ளான் நின்றால் அது நோயாளியா?’ நல்ல கேள்வி. பெரும்பாலும் இல்லை. போன வருடம் பிறந்த பறவைகளில் பல முதல் கோடையில் வடக்கே போகாது. இங்கேயே சாம்பல் உடையில் தங்கிவிடும். ஜூனில் வந்தாலும் அவற்றைப் பார்க்கலாம். நாலாம் தேதி நான் எழுதிய அந்தச் சாம்பல் பறவைகளும் அந்த வகையாகத்தான் இருக்கும்.

போனவை திரும்ப ரொம்ப நாள் ஆகாது. வளைமூக்கு உள்ளானில் ஆண் சைபீரியாவில் சில வாரங்கள்தான் இருக்கும், அடைகாப்பதும் குஞ்சைப் பார்ப்பதும் பெண்ணின் பாடு. ஜூலைக் கடைசி, ஆகஸ்டில் ஆண்கள் சிவப்பு இன்னும் மிச்சத்தோடு நம் உப்பளத்தில் இறங்கிவிடும். வீட்டில் இதைச் சொன்னேன், வந்த பதிலை இங்கே எழுத முடியாது.

உலக அளவில் இந்தப் பறவையின் நிலை மோசமாகிக்கொண்டிருக்கிறது, 2024இல் அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றிவிட்டார்கள். சாம்பல் உப்புக்கொத்தியும் அதே பட்டியலில். காலில் வளையமோ வண்ணக் கொடியோ கண்ணில் பட்டால் எந்தக் காலில், என்ன நிறம், எது மேலே என்று எழுதிவையுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையம் போட்டுவருகிறது, ஒரு பதிவுகூட வீண் போகாது.

ஏப்ரல் 30

இன்று உப்பள ரோட்டில் மாலை மரியாதை, கொடி, மைக். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து ஏப்ரல் 13 அன்று கிளம்பி நடந்தே 28 அன்று வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார். இந்த வெயிலில், ஏப்ரலில், நடந்து. நாம் ஒன்பது மணிக்குக் கானல் வந்துவிட்டது என்று வண்டி ஏசியைப் போடுகிறோம்.

மைக் சத்தத்துக்கு எதிர்ப்பக்கப் பாத்தியில் நெடுங்கால் உள்ளான் நான்கு, அசையவே இல்லை.

மே 2

கேள்வி கேட்டவர் மே நடுவில் வருவதாக முடிவு செய்திருக்கிறார். அப்படியென்றால் கணக்கு மாறுகிறது, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முழுச் சிவப்பு உள்ளான்கள் அதற்குள் பெரும்பாலும் போயிருக்கும், இன்று காலையே பாத்திகள் காலியாகத் தொடங்கிவிட்டன. உங்களுக்குக் கிடைக்கப்போவது அனுமன் உப்புக்கொத்திக் குஞ்சு, சிற்றாலா, ஆள்காட்டியின் திட்டு, தங்கிப்போன சாம்பல் பறவைகள், காட்டோரத்தில் வெளிமான். அதிர்ஷ்டம் இருந்தால் கொஞ்சம் பூநாரை. உங்கள் நண்பரிடம் முன்கூட்டியே பந்தயம் கட்டாதீர்கள்.

சென்னையிலிருந்து ரயிலில் வருவதானால் திருத்துறைப்பூண்டியில் மாறுங்கள். அகஸ்தியம்பள்ளிப் பாதை 2023 ஏப்ரலில் மறுபடி திறந்தது, முன்பு கோடியக்கரை வரைக்குமே ரயில் போனது. நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், வண்டிகள் குறைவு. கடைசி கொஞ்ச தூரம் ஜன்னலோரம் உட்காருங்கள். தங்குவது வேதாரண்யத்தில். ஐந்தரை மணிக்கு ஆட்டோ வேண்டும் என்று முந்தின இரவே சொல்லிவையுங்கள், ஏழு மணிக்கு வந்து “சார், இப்பதான் விடிஞ்சுது” என்பார்கள். ட்ரோன் கொண்டுவர வேண்டாம். பிள்ளைகளுக்குத் தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், திரும்பும்போது ரோட்டோரம் நுங்கு.

மே 3

பாலைப்பழம் கிடைக்குமா என்று இரண்டு பேர் கேட்டாயிற்று. பழுக்கத் தொடங்கினால் வேதாரண்யம் கடைத்தெருவில் படியில் அளந்து விற்பார்கள். நிறையத் தின்றால் உதடு ஒட்டும்.